போட்டவர் வந்து கழட்டட்டும்

வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து கடகடவென்று ஒரே சத்தம். ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டுக்காரர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "என்னம்மா, உள்ள கல்லு கில்லு போட்டுட்டியா? மெஷின் போச்சுன்னா உன் டிபார்ட்மென்ட்டா வந்து மாத்திக் குடுக்கும்?" என்றார். நிறுத்தி, காக்கிப் பேன்ட்டை இழுத்து உதறினேன். பாக்கெட்டிலிருந்து உன் துப்பாக்கிக் குண்டு விழுந்து, தரையில் உருண்டு, கிரைண்டருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

நிஜக் குண்டு இல்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் தள்ளித்தான் நின்றார். நான் குனிந்து எடுத்தேன். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் உன் அண்ணன் லேத்தில் கடைந்து கொடுத்த வெள்ளை நைலான் குண்டு. அதன் பின்பக்கத்தில் அடையாளத்துக்கு நீ தடவிய சிவப்பு நெயில் பாலிஷ் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. நேற்று துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நடந்ததை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? வேறு யாரிடம் சொன்னாலும் அவர்களுக்குத் துப்பாக்கியிலிருந்து ஆரம்பித்து விளக்க வேண்டும். உனக்கென்றால் நேராக விஷயத்துக்கு வரலாம். நீ காய்ச்சலென்று படுத்து, ஒரே வாரத்தில் எங்களை விட்டுப் போய், ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. முடிந்தால் என்ன? எனக்கு நீ இன்னும் பதில் சொல்ல வேண்டியவள்தான்.

போலீஸ் பயிற்சியில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நீ ராயப்பேட்டை, வீட்டில் உருது, வெளியில் சுத்தமான மெட்ராஸ் தமிழ். நான் தி.நகர் ஜவுளிக்கடை சேல்ஸ்மேனின் மகள், வீட்டில் திருநெல்வேலித் தமிழ். "இன்னாடி, உங்கூட்ல எல்லாரும் ஏதோ சண்டை போட்டுக்கினு கீற மாதிரியே பேசுறாங்க?" என்று முதல் வாரமே கேட்டாய். நான் முறைத்தேன். மறுநாள் உன் அம்மீ கொடுத்தனுப்பிய பிரியாணியில் எனக்குத்தான் பெரிய பங்கு வைத்தாய். அதோடு சரி, அப்புறம் நாம் பிரிந்ததே இல்லை.

முதல் ஃபயரிங் டெஸ்ட்டன்று காலையில் நம் பேட்ச் முழுக்க ஒரே வேண்டுதல். ஒருத்தி பாக்கெட்டில் எலுமிச்சம்பழம். இன்னொருத்தி கபாலி கோயில் விபூதியைச் சட்டைக் காலருக்குள் பூசியிருந்தாள். எல்லாவற்றையும் விடப் பெரிய நம்பிக்கை காபியைப் பற்றியது. டெஸ்ட்டன்று காபி குடித்தால் கை நடுங்கும், அதனால் யாரும் டம்ளரைத் தொடக்கூடாது. நீ மட்டும் இரண்டு டம்ளர் வாங்கி ஊற்றிக்கொண்டாய். "தெனமும் குடிக்கிறதை இன்னிக்குப் பார்த்து நிறுத்துனா கை நடுங்காம டான்ஸா ஆடும்?" என்றாய். நீ சொன்னது அவ்வளவு நியாயம். ஆனால் அன்றைக்கு நீ சுட்டதில் ஒன்றுகூட டார்கெட் தாளில் படவில்லை. குறி தவறினால் நம் பாஷையில் வாஷ்அவுட். எதிர்ப்பக்கத்திலிருந்து சிவப்புக் கொடி அசையும். உனக்கு அந்தக் கொடி ஓயவே இல்லை. என் தாளில் எல்லாம் நடுவட்டம். பேட்ச்சிலேயே நல்ல கை என்று பெயர் வாங்கிவிட்டேன்.

அப்போதுதான் அந்த மாலையை முதலில் பார்த்தோம். யார் தொடங்கி வைத்த வழக்கமோ, நல்லா இருக்கட்டும். ஓட்டையில்லாத டார்கெட் தாளின் இரண்டு முனையிலும் சணல் கட்டி, தவறவிட்டவர் கழுத்தில் மாட்டி, மைதானத்தைச் சுற்றி ஓட விடுவார்கள். தாளில் மார்க்கரால் பெரிதாக ஒரு முட்டை. மற்றவர்கள் கை தட்ட வேண்டும். தட்டாதவர்களும் கூட ஓட வேண்டும். அடுத்த முறை அந்தப் பிள்ளை துப்பாக்கியைக் கையில் எடுக்கும்போது அதன் கண்ணுக்கு எது தெரியும்? எதிரே இருக்கிற தாளா, கழுத்துக்கு வரப்போகிற தாளா?

வேலைக்கு வந்த பிறகும் அது விட்டபாடில்லை. வருஷா வருஷம் டெஸ்ட், வருஷா வருஷம் உனக்கு வயிற்றுப்போக்கு. நடுவில் ஒரு நாளாவது அந்தச் சாமானை எடுத்துப் பிடித்துப் பார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயுத அறையில் பூட்டி வைத்திருப்பார்கள். பந்தோபஸ்து, தேர், ஊர்வலம், மந்திரி வருகை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், பயிற்சிக்கு மட்டும் நேரமில்லை. பிறகு திடீரென்று ஒரு காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு போய், "ம், சுடு" என்பார்கள். கல்யாணத்தன்றைக்கு மட்டும் அடுப்பில் கையை வைக்கச் சொன்னால் யாருக்குத்தான் சாம்பார் வரும்?

நான் பரீட்சை எழுதி எஸ்.ஐ. ஆனேன். நீ ஏட்டு. மயிலாப்பூர்ப் பக்கம் ஒரே ஸ்டேஷனில் வந்து சேர்ந்தோம். ரோல் காலில் விறைப்பாக நின்று "குட்மார்னிங் அம்மா" என்பாய். டீக்கடைக்கு வந்ததும் "ஏய், நகருடி" என்பாய். அந்த வருஷ டெஸ்ட்டிலும் நீ ஃபெயில். அப்போதைய இன்ஸ்பெக்டர், பெயர் எதற்கு, ரேஞ்சில் எல்லார் முன்னாலும் உன்னைக் கூப்பிட்டார். இரண்டு பிள்ளை பெற்றவள், எத்தனையோ வீட்டுச் சண்டையைப் பேசித் தீர்த்தவள், மாடவீதிக் கூட்டத்தில் காணாமல் போன குழந்தைகளைத் தோளில் தூக்கி வந்தவள். உன் கழுத்தில் அந்தத் தாளை மாட்டினார். கை தட்டச் சொன்னார். நான் தட்டவில்லை. நீ என்னைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தாய். அந்த நேரத்திலும் உனக்கு அது வந்தது பார்.

வேனில் ஏறியதும், "கழட்டுடி அதை" என்றேன்.

"நான் ஏன் கழட்டணும்? நானா போட்டுக்கினேன்? போட்டவர் வந்து கழட்டட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். லஸ் முனையில் வேனை நிறுத்தி, அதோடேயே இறங்கி டீக்கடைக்கு நடந்தாய். ஜனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே, "இன்னா ஏட்டம்மா, கயுத்துல மாலை? கண்ணாலமா?" என்று கேட்டார். "ஆமா நைனா, துப்பாக்கியைக் கட்டிக்கினேன். சக்கரை தூக்கலா ஒரு டீ போடு" என்றாய். அப்புறம் டியூட்டிக்குப் போனாய், அதே கோலத்தில். கச்சேரி ரோட்டில் டிராஃபிக்கைத் திருப்பி விட்டாய், ஒரு பாட்டியம்மாவைக் கைப்பிடித்து ரோடு தாண்டி விட்டாய், எல்லாம் அந்த முட்டைத் தாளோடு. இன்ஸ்பெக்டருக்கு விஷயம் போய்விட்டது. கழட்டச் சொல்லி வயர்லெஸ்ஸில் சொன்னார். ஆள் விட்டுச் சொன்னார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "உன் சிநேகிதிதானே, நீ சொல்லு" என்றார். "நீங்க வந்து கழட்டணுமாம் அய்யா" என்றேன். சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் அவரே வந்தார். உன் முகத்தைப் பார்க்காமல் சணலை அவிழ்த்தார். நீ சல்யூட் அடித்தாய். அவர் இருந்தவரை அந்த மாலையை அப்புறம் யாருக்கும் போடவில்லை.

அத்தோடு நீ விட்டிருந்தால் அது வெறும் வீம்பு. நீ விடவில்லை. உனக்குக் குறியில் தப்பில்லை, கண்ணிலும் தப்பில்லை, பின் ஏன் எல்லாம் கீழே போகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டாய். "கீழ வைக்காதே, மேல வை" என்றுதான் எல்லாரும் கத்துவார்கள். நீயும் மேலே மேலே வைத்து, கடைசியில் வானத்தைச் சுடுகிற அளவுக்குப் போயிருந்தாய். ஒரு வெள்ளிக்கிழமை உன் வீட்டுச் சமையலறையில்தான் பிடி கிடைத்தது. அம்மீ குக்கரில் கறி வைத்திருந்தார்கள். நீ கையில் தண்ணீர் டம்ளரோடு நின்றாய். விசில் வந்தது. தண்ணீர் சிந்தியது. அதிலென்ன இருக்கிறது என்றேன். "இல்லடி, நல்லாப் பாரு. இப்ப அடுத்த விசில் வரும்னு எனக்குத் தெரியும்" என்று டம்ளரை நிரப்பி மறுபடி நின்றாய். இந்தத் தடவை விசில் வருவதற்கு முன்னாலேயே தண்ணீர் சிந்தியது. நீ கத்தினாய். "பார்த்தியா, பார்த்தியா! சத்தத்துக்குக் கை ஆடலை. சத்தம் வரப்போவுதுன்னுதான் ஆடுது! துப்பாக்கிலயும் இதேதான்டி!"

அம்மீ அடுப்படியிலிருந்து, "அரே, தரையை யார் தொடைக்கிறது?" என்றார்கள். நாம் இருவரும் தரையைத் துடைத்தோம், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மறுவாரமே உன் அண்ணனின் பட்டறையில் போய் நின்றாய். அச்சு அசல் அளவில் நைலானில் குண்டு கடைந்து வாங்கி, ஆயுத அறைக்காரரிடம் காட்டி, துப்பாக்கிக்குக் கெடுதல் இல்லை என்று அவர் வாயால் சொல்ல வைத்தாய். ரேஞ்சில் பழக ஒரு நாள் கேட்டு வாங்கினாய். நிஜக் குண்டுகளுக்கு நடுவில் எங்கோ ஒரு நைலான் குண்டு. எங்கே என்று சுடுகிறவருக்குத் தெரியாது. முதலில் என்னைத்தான் கூப்பிட்டாய். "வா, நல்ல கை." நான் தெனாவட்டாகத்தான் போய் நின்றேன். சுட்டேன், சுட்டேன், அடுத்து 'டிக்' என்றது. குண்டு வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி முனை தரையைப் பார்த்துக் குனிந்தது. எல்லாரும் பார்த்தார்கள். என் கை வெடிக்காத குண்டுக்குப் பயந்திருந்தது.

நீ சிரிப்பாய் என்று பார்த்தேன். பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாய்: "எல்லார் கையும் பயப்படும்டி. உன் கை மறைச்சு வெக்குது, என் கை காட்டிக் குடுத்துடுது. அவ்ளோதான் வித்தியாசம்."

அதற்குப் பிறகு வியாழக்கிழமை சாயங்காலம் என்றால் நம் ஸ்டேஷன் மாடி. குண்டு இல்லாத துப்பாக்கி, இரண்டு பேர் சரிபார்த்த பிறகு. முனையில் ஒரு ரூபாய்க் காசை நிறுத்தி, அது விழாமல் விசையை இழுக்க வேண்டும். யாரும் கத்தக்கூடாது. யார் எத்தனை தடவை காசை விழவிட்டார்கள் என்று உரக்கச் சொல்லக்கூடாது. அவரவர் கணக்கை அவரவரே வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒரு நாள் ரேஞ்ச், நைலான் குண்டு கலந்து. முனை குனிந்தால் தண்டனை கிடையாது, "குனிஞ்சுது, பார்த்தியா? மூச்சை விட்டுட்டு மறுபடி" என்பாய், அவ்வளவுதான். "பொம்பளைங்க மாடில காசு வெச்சு வெளையாடுதுங்க" என்று கீழே கேலி பேசினார்கள். பேசட்டும் என்றாய். அடுத்த டெஸ்ட்டில் நீ பாஸ். நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ அழவில்லை. காபி கேட்டாய்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாத கதைக்கு வருகிறேன்.

நீ போன பிறகு வியாழக்கிழமையை நான் நடத்துகிறேன். இப்போது புது இன்ஸ்பெக்டர். தேவி என்று ஒரு கான்ஸ்டபிள், நீ பார்த்ததில்லை, உனக்குப் பிறகு வந்தவள். எதற்கும் அஞ்சாதவள்தான், குடித்துவிட்டு வருகிறவனை ஒற்றைக் கையால் ஆட்டோவில் ஏற்றுவாள். துப்பாக்கி என்றால் மட்டும் காலையிலிருந்தே வாந்தி. சேர்ந்த வருஷம் வேறு ஸ்டேஷனில் அவளுக்கும் மாலை போட்டிருக்கிறார்கள். "இந்தத் தடவையும் போட்டாங்கன்னா வேலையை எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போயிடறேன்மா" என்றாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அவள் சும்மா சொல்கிற ஆளில்லை என்பதும் தெரியும். வாராவாரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். காசு விழாமல் இழுக்கக் கற்றுக்கொண்டாள். போன மாதம் ரேஞ்சில் நைலான் குண்டு 'டிக்' என்றபோது அவள் முனை அசையவே இல்லை. அடிப்பாவி, என்னுடையது இன்னும் கொஞ்சம் அசைகிறது.

நேற்று டெஸ்ட். வாந்தி இல்லை. காபி குடித்துவிட்டு வந்திருந்தாள், நம் ஆட்கள் எல்லாரும் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள் இப்போது. ஒவ்வொருத்தியாகப் போய்ப் பாஸ் ஆகிக்கொண்டே வந்தார்கள். தேவி நின்றாள், மூச்சை விட்டாள், முதல் குண்டு வட்டத்தில். இரண்டாவதும். அப்போதுதான் அந்தப் புது இன்ஸ்பெக்டர் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். "என்ன, இன்னைக்காச்சும் தாள்ல படுமா? மாலை ரெடியா இருக்கு!" என்று காதருகே ஒரு சத்தம். அவள் தோள் ஏறிக்கொண்டது. அவ்வளவுதான், மிச்சமெல்லாம் மண்ணில். சிவப்புக் கொடி ஆடியது.

"பார்த்தியா, உன் மாடி கிளாஸ் லட்சணத்தை?" என்று என்னிடம் சொல்லிவிட்டு மாலைத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். சணல் முன்னாலேயே கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சுடுவதற்கு முன்பே கட்டி வைத்திருக்கிறார்கள்! தேவி தலை குனிந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ஊருக்குப் போகிற முகம்.

நடுவில் போய் நின்றேன். அவர் கையிலிருந்து தாளை வாங்கினேன், பிடுங்கினேன் என்று அவர் சொல்லக்கூடும், சொல்லட்டும். என் கழுத்தில் நானே மாட்டிக்கொண்டேன்.

"என்னம்மா இது?"

"சொல்லிக் குடுத்தவ நான்தானே அய்யா. எனக்குத்தானே போடணும்?"

"விளையாடுறியா? கழட்டு."

அந்த நேரத்தில் நீ என் நாக்கில் வந்து உட்கார்ந்தாய். "நீங்க போட்டிருந்தா நீங்க கழட்டலாம் அய்யா. இது நானா போட்டுக்கிட்டது. எப்பக் கழட்டணுமோ நானே கழட்டிக்கறேன்."

அவர் கை தட்டச் சொல்வதை விட்டு உத்தரவு போட ஆரம்பித்தார். திங்கட்கிழமை காலையில் அந்தப் பொம்மைக் குண்டு மொத்தமும் அவர் மேஜைமேல் இருக்க வேண்டுமாம். இனி வியாழக்கிழமை மாடியைத் திறக்கக் கூடாதாம். பயம் இருந்தால்தான் போலீஸுக்கு ஒழுங்கு வருமாம். பயத்தை வைத்துக்கொண்டு நடுங்குகிற கையில் துப்பாக்கியைக் கொடுத்து லஸ் கூட்டத்துக்குள் அனுப்புவாராம், அதற்குப் பெயர் ஒழுங்காம். என்னத்தைச் சொல்ல.

லஸ் முனையில் இறங்கினேன். அதே டீக்கடை. கடைக்காரர் என் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் நான் கேட்காமலேயே சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டுக் கொடுத்தார். அங்கேதான் நான் அழுதேன், ரோட்டில் நின்று, யூனிஃபார்மில். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன்.

இப்போது அந்தத் தாள் ஹாலில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. வீட்டுக்காரர் அதைப் பார்த்து, இந்தக் குண்டைப் பார்த்து, "நாளைக்கு என்ன பண்ணப்போற?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். வேறு இடத்துக்குத் தூக்கி அடிப்பார்கள் என்று அவருக்குக் கவலை. அடிக்கலாம். எனக்கும் கொஞ்சம் உள்ளுக்குள் உதறல்தான், உன்னிடம் மறைப்பதற்கென்ன. என் கை மறைத்து வைக்கிற கை, உனக்குத் தெரியுமே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. தேவி. எழுதிக் கொடுத்துவிட்டாளோ என்று பதறிப்போய் எடுத்தேன். மெல்லக் கேட்டாள்: "அம்மா, மறு டெஸ்ட் அடுத்த மாசமாம். வியாழக்கிழமை மாடி உண்டா?"

"உண்டு" என்றேன்.

"இன்ஸ்பெக்டர் அய்யா..."

"நான் உண்டுன்னு சொல்றேன். இந்த வாரம் எனக்குப் பின்னாடி நின்னு நீ கத்து, நான் சுடறேன். அப்புறம் நீ சுடு, நான் கத்தறேன். யார் பின்னாடி வந்து நின்னாலும் முனை குனியக்கூடாது."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. நேற்றிலிருந்து அவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன்.

குண்டுகளை நாளைக்கு மேஜைமேல் வைக்கத்தான் போகிறேன், உத்தரவாயிற்றே. அவருடைய துப்பாக்கியையும் பக்கத்தில் வைக்கச் சொல்லி, ஒரே ஒரு தடவை, எங்கள் எல்லாருக்கும் முன்னால், ரேஞ்சில் கலந்து போட்டுச் சுட்டுப் பாருங்கள் அய்யா என்று கேட்கப் போகிறேன். அவர் முனை குனிந்தால் யாரும் கை தட்ட மாட்டோம். குனியாவிட்டால் அவரையே வியாழக்கிழமை மாடிக்கு வந்து சொல்லிக் கொடுக்கக் கூப்பிடுவேன். மாட்டேன் என்றால், உன் அண்ணனின் லேத் ஈக்காட்டுத்தாங்கலில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, காலையிலேயே பேசிவிட்டேன். "அவளுக்குன்னு எத்தினி வேணும்னாலும் கடையறேன்மா" என்றார்.

இந்த ஒன்றை மட்டும் மேஜையில் வைக்க மாட்டேன். துவைத்துச் சுத்தமாகி வந்திருக்கிறது. என் மகளின் நெயில் பாலிஷை எடுத்து அதன் பின்பக்கத்தில் மறுபடி சிவப்பு தடவி, ஜன்னலில் காய வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் அது என் பாக்கெட்டில், தாள் என் கழுத்தில். இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுத்தான் ரோல் காலுக்குப் போகிறேன்.